அரசு மருத்துவர் ஏன் நிற்கிறார், ஏன் போகிறார்: தமிழ்நாட்டு மருத்துவப் பணி பற்றிய நிகழ்வு ஆய்வு

எம்.பி.பி.எஸ். படிப்பையும் பயிற்சிக் காலத்தையும் முடித்த இளம் மருத்துவருக்கு வழிகள் பல இருக்கின்றன. தனியார் மருத்துவமனையில் சேரலாம், வெளிநாடு போகலாம், சொந்த ஊரில் கிளினிக் திறக்கலாம், வேலைக்கே போகாமல் ஓரிரு ஆண்டுகள் முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கலாம். இத்தனையையும் விட்டுவிட்டு அவர் கொல்லிமலையிலோ கல்வராயன் மலையிலோ உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் வந்து உட்கார வேண்டும் என்று அரசு எதிர்பார்க்கிறது. இந்தியாவில் பல மாநிலங்களில் அந்த நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் ஆள் இருக்கிறார்.

அதன் பலனை எண்ணிக்கையிலும் காணலாம். பிறப்பு, இறப்பு விகிதங்களைக் கணக்கிடும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு அமைப்பின் 2018–20 கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கையில் இறந்துபோகும் தாய்மார் இந்திய அளவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர். 2020இல் ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு மரணம் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இதற்கு மருந்து கொள்முதலுக்கென்று 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம், 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம், பெண்கல்வி, சாலை வசதி என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் நள்ளிரவில் இரத்தப்போக்குடன் வரும் கர்ப்பிணிக்கு அறுவை செய்ய ஒரு மகப்பேறு மருத்துவரும், மயக்கம் கொடுக்க ஒரு மயக்கவியல் மருத்துவரும், பிறந்த குழந்தையைப் பார்க்க ஒரு குழந்தை மருத்துவரும் அந்த மாவட்டத்திலேயே இருந்தாக வேண்டும். அந்த மூவரும் எங்கிருந்து வந்தார்கள், ஏன் போகாமல் இருந்தார்கள் என்பதை இந்த ஆய்வு பார்க்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு தன் மருத்துவர்களைச் சம்பளத்தால் பிடித்து வைக்கவில்லை. சேவை மனப்பான்மையை மட்டும் நம்பியும் இருக்கவில்லை. ‘இத்தனை ஆண்டு இங்கே பணியாற்றினால் இது உனக்குக் கிடைக்கும்’ என்ற உறுதியை விதியாக எழுதி வைத்தது, அந்த விதியைப் பல ஆண்டுகள் மாற்றாமலும் இருந்தது. அந்த உறுதி ஆட்டம் கண்ட ஆண்டுகளில் மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். செவிலியர்களுக்கு அப்படியோர் உறுதியை அரசு முழுதாகத் தரவே இல்லை. அந்தக் காயம் இன்றும் ஆறவில்லை.

உள்ளே வரும் வழி

மாநிலத்தின் மருத்துவப் பணி மூன்று இயக்குநரகங்களாகப் பிரிந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரத் துறையிடமும், வட்ட, மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவ மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்திடமும், மருத்துவக் கல்லூரிகள் மருத்துவக் கல்வி இயக்ககத்திடமும் இருக்கின்றன. நோய் வந்தபின் சிகிச்சை செய்வதையும் நோய் வராமல் தடுப்பதையும் தனித்தனிப் பணிப்பிரிவுகளாக வைத்திருப்பது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். பொது சுகாதாரத்தில் பட்டயமோ பட்டமோ பெற்ற மருத்துவர் அந்தத் துறையிலேயே படிப்படியாக உயர்ந்து இயக்குநர் வரை போகலாம். கொள்ளைநோய்க் காலங்களில் இந்தத் தனிப்பிரிவின் அருமை தெரிந்தது.

நுழைவு வழி நெடுநாள் சீராக இல்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்தி முடிக்க ஆண்டுகள் ஆகும். நோயாளி அதுவரை காத்திருக்க மாட்டார் என்பதால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி 10(அ)(1) விதியில் தற்காலிகமாக மருத்துவர்களை எடுப்பார்கள். பிறகு தேர்வாணையத்தின் சிறப்புத் தேர்வு எழுதி அவர்கள் நிரந்தரமாவார்கள். இடைப்பட்ட காலத்தில் பணிமூப்பு எந்த நாளிலிருந்து கணக்காகும் என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி வழக்காக நீதிமன்றம் ஏறும். ஒருவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் விட்ட குழப்பம் அவர் ஓய்வு பெறும் வரை தொடரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

2012இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அமைந்தது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் ஆகியோரைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே தனி வாரியம் இந்தியாவில் அதுவே முதல். காலிப்பணியிடத்தை அறிந்த துறையும் ஆளைத் தேடும் அமைப்பும் அருகருகே வந்ததால் வேகம் கூடியது. தேர்வானவர்கள் கலந்தாய்வில் காலியிடப் பட்டியலைப் பார்த்துத் தங்கள் ஊரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையும் வந்தது. கலந்தாய்வைச் சிறு நிர்வாக விஷயம் என்று பலர் கடந்துவிடுவார்கள். எனக்கு அது பெரியதாகவே படுகிறது. பரிந்துரைக் கடிதம் தேடி அலையாமல், தரவரிசைப்படி முன்னே போய், இருப்பதில் ஒன்றைத் தானே எடுத்துக்கொண்ட மருத்துவருக்கு அந்த ஊரின் மீது முதல் நாளே கசப்பு வருவதில்லை.

வாரியம் வந்தபின்னும் தடைகள் ஓயவில்லை. 1,021 உதவி மருத்துவர் பணியிடங்களுக்கான அறிவிப்பு 2022 அக்டோபரில் வந்தது. தேர்வு 2023 ஏப்ரலில் நடந்தது. கொரோனா காலத்தில் பணியாற்றியவர்களுக்கு ஊக்க மதிப்பெண் தருவது குறித்த வழக்குகளில் சிக்கி, பணியாணை கைக்கு வர 2024 தொடக்கம் ஆகிவிட்டது. அடுத்த சுற்றில் அரசு பாடம் கற்றது தெரிந்தது. 2025 ஜனவரி 5 அன்று தேர்வு, பிப்ரவரி இறுதியில் 2,642 பேருக்குப் பணியாணை. முதல் சுற்றில் தேர்வுக்குப் பிறகே ஒன்பது மாதங்களுக்கு மேல் போனது, இரண்டாவதில் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தேர்வு எழுதிய இளைஞர் ஒன்பது மாதங்கள் சும்மா இருக்க மாட்டார். தனியார் மருத்துவமனையில் சேர்ந்துவிடுவார், அல்லது முதுநிலைப் படிப்புக்குள் போய்விடுவார். பட்டியலில் முதலிடங்களில் இருப்பவர்களுக்குத்தான் வேறு வாய்ப்புகளும் முதலில் வரும் என்பதால், தாமதத்தில் அரசு இழப்பது பெரும்பாலும் அவர்களைத்தான்.

உள்ளே வந்தவரை நிறுத்தியது எது

ஓர் எம்.பி.பி.எஸ். மருத்துவரின் மனத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பது மேற்படிப்பு. முதுநிலைப் பட்டம் இல்லாமல் மருத்துவத் துறையில் நெடுந்தூரம் போக முடியாது என்பது அவருக்கும் வீட்டாருக்கும் தெரியும். தனியார் கல்லூரியில் அந்தப் படிப்புக்கு ஆகும் செலவை நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்கவே முடியாது.

தமிழ்நாடு இந்த ஏக்கத்தையே பணிக்கு ஆதாரமாக்கியது. அரசுக் கல்லூரிகளின் எம்.டி., எம்.எஸ். இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மாநிலத்துக்கு எஞ்சும் பாதியில் 50 விழுக்காட்டை அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கென்று ஒதுக்கினார்கள். குறைந்தது இரண்டு ஆண்டுகள் பணியாற்றியிருந்தால் போட்டியிடலாம். இடம் கிடைத்தால் படிக்கும் மூன்று ஆண்டுகளும் சம்பளம் வரும், பணிக்காலமும் அறுபடாது. அதற்கு ஈடாக, படிப்பு முடிந்தபின் ஓய்வு பெறும் வரை அரசுப் பணியில் இருப்பேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதை ஒரு மருத்துவரின் பாதையில் வைத்துப் பார்க்கலாம். 25 வயதில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். மூன்று நான்கு ஆண்டுகள் அங்கே காய்ச்சல், பிரசவம், தடுப்பூசி, பாம்புக்கடி என்று எல்லாவற்றையும் பார்க்கிறார். இரவில் தேர்வுக்குப் படிக்கிறார். 30 வயதுக்குள் மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். சேருகிறார். பட்டத்தோடு திரும்பி வட்ட மருத்துவமனையில் நிபுணராக அமர்கிறார். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ போகிறார். அவர் விட்டுவந்த ஆரம்ப சுகாதார நிலைய இடத்துக்கு இன்னோர் இளைஞர், அதே கணக்கோடு வருகிறார். கிராமத்து நாற்காலியும் நிரம்புகிறது, மாவட்டத்துக்கு நிபுணரும் கிடைக்கிறார். 2004 முதல் மாநிலம் முழுக்க ஒருங்கிணைந்த அவசர மகப்பேறு மையங்களை நிறுவ முடிந்ததற்கு அடித்தளம் இந்த நிபுணர்கள்தான். கட்டடமும் கருவியும் பணம் இருந்தால் வாங்கலாம், மயக்கவியல் மருத்துவரைத் திடீரென்று எங்கும் வாங்க முடியாது.

எதிர்வாதமும் இருக்கிறது, அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. அரசுப் பணியில் சேர இடமே கிடைக்காத ஒரு மருத்துவர், தன்னைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவர் அரசுப் பணியில் இருப்பதாலேயே விரும்பிய பாடத்தில் இடம் பெறுவதைப் பார்க்கிறார். அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் அரசு மருத்துவரும் தேசியத் தகுதித் தேர்வில் தகுதி மதிப்பெண் பெற்றாக வேண்டும். நாள் முழுக்கப் புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் படிப்பவரும், இரண்டாண்டு பயிற்சி மையத்தில் இருந்தே படிப்பவரும் ஒரே தாளை எழுதும்போது, ஐந்து பத்து மதிப்பெண் வேறுபாட்டை மட்டும் வைத்துத் தகுதியை அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உறுதி ஆட்டம் கண்ட ஆண்டுகள்

இந்திய மருத்துவ மன்றத்தின் 2000ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிமுறைகளில் ஒன்பதாம் விதி சேர்க்கையைப் பற்றியது. தொலைதூர, கடினமான பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம், அதிகபட்சம் 30 விழுக்காடு வரை ஊக்க மதிப்பெண் தரலாம் என்று அது சொன்னது. எம்.டி., எம்.எஸ். போன்ற முதுநிலைப் பட்டப்படிப்பில் தனி ஒதுக்கீடு பற்றி அதில் இல்லை. பட்டயப் படிப்பில் மட்டும் பாதி இடம் அரசு மருத்துவருக்கு உண்டு. 2016இல் உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்த விதியே முழுமையானது, அதற்கு வெளியே மாநிலம் தனி ஒதுக்கீடு செய்ய முடியாது என்று தீர்ப்பளித்தது. 2017இல் முதுநிலைச் சேர்க்கை நீட் மூலம் நடக்கத் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டுக்கு எதிராக அதே வாதம் சென்னை உயர்நீதிமன்றத்தில் வைக்கப்பட்டு வென்றது. நெடுநாள் ஏற்பாடு ஒரே சேர்க்கைப் பருவத்தில் நின்றுபோனது. சில ஆண்டுகளில் பட்டய இடங்களைப் பட்ட இடங்களாக மாற்றியதால் அந்தச் சிறு வாசலும் மூடியது.

ஊக்க மதிப்பெண்ணும் அரசு மருத்துவருக்குச் சாதகம்தானே என்று வெளியிலிருந்து பார்ப்பவர் கேட்கலாம். வேறுபாடு நுட்பமானது. ஒதுக்கீடு, பணியில் இருக்கும் எல்லோருக்கும் பொது. ஊக்க மதிப்பெண்ணோ எந்த ஊரில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எது தொலைதூரம், எது கடினம், எது ஊரகம் என்ற வகைப்பாடே சண்டையாகிவிட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் அவசரப் பிரிவில் விடிய விடிய நிற்பவருக்கு மதிப்பெண் இல்லை. பத்துக் கிலோமீட்டர் தள்ளி, மாலையில் வீடு திரும்பக்கூடிய சுகாதார நிலையத்தில் இருப்பவருக்கு உண்டு. எந்த நிலையம் எந்தப் பட்டியலில் வரும் என்பதற்காகக் குழுக்கள் அமைந்தன, வழக்குகள் பெருகின. பணியில் இருப்பவர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்த ஏற்பாடு அவர்களை ஊர்வாரியாகப் பிரித்தது.

தமிழ்நாடு அரசு மருத்துவ அலுவலர் சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. 2020 ஆகஸ்ட் 31 அன்று நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசமைப்புச் சட்ட அமர்வு தீர்ப்பளித்தது. மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில், கல்வி பற்றிய 25ஆம் இனத்தின்கீழ் அரசு மருத்துவர்களுக்குத் தனி நுழைவு வழி அமைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு, மருத்துவ மன்ற விதி அதைத் தடுக்கவில்லை என்று சொன்னது. அப்படிப் படிப்பவர்கள் குறைந்தது ஐந்தாண்டுகள் ஊரக, பழங்குடி, மலைப்பகுதிகளில் பணியாற்றும்படி மாநிலங்கள் கொள்கை வகுக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் அது பதிவுசெய்தது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று தமிழ்நாடு அரசு ஒரு படி மேலே போய், உயர் சிறப்புப் படிப்புகளான டி.எம்., எம்.சிஎச். இடங்களிலும் அரசு மருத்துவருக்கு 50 விழுக்காடு ஒதுக்கி அரசாணை வெளியிட்டது. அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு அதை உச்ச நீதிமன்றம் அனுமதிக்கவில்லை. 2022 மார்ச்சில் அனுமதித்தது.

மூன்றாண்டு இடைவெளியில் நடந்ததை வழக்கின் வெற்றியால் மறந்துவிடக் கூடாது. 2017, 2018, 2019இல் பணியில் இருந்தவர்கள் நம்பி வந்த வழி அவர்களுடைய சரியான வயதில் அடைபட்டது. தீர்ப்பு வருங்காலத்துக்குத்தான் பொருந்தும், போன ஆண்டுகள் போனவைதான். மேற்படிப்புக்காகக் காத்திருப்பவருக்கு 29 வயதும் 33 வயதும் ஒன்றல்ல.

2019: எட்டு நாள்

அந்தப் புழுக்கம் 2019 அக்டோபர் 25 அன்று வேலைநிறுத்தமாக வெடித்தது. அரசு மருத்துவர் சங்கங்களின் கூட்டமைப்பு நான்கு கோரிக்கைகளை வைத்தது: மத்திய அரசு மருத்துவருக்கு இணையான ஊதியம், முதுநிலை இட ஒதுக்கீட்டை மீட்பது, முதுநிலைப் பட்டம் முடித்தவர்களுக்குக் கலந்தாய்வு மூலம் பணியிடம், நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற மருத்துவர் பணியிடங்கள்.

ஊதியக் கோரிக்கையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மத்திய அரசு 2008இல் கொண்டுவந்த காலமுறைப் பதவி உயர்வுத் திட்டத்தில் ஒரு மருத்துவர் 4, 9, 13, 20 ஆண்டுகளில் அடுத்தடுத்த நிலைக்கு உயர்கிறார். காலியிடம் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. மத்திய அரசு மருத்துவர் 13 ஆண்டுகளில் எட்டும் ஊதிய நிலையைத் தமிழ்நாட்டு மருத்துவர் 20 ஆண்டுகளில் எட்டினார். இதை மறுஆய்வு செய்வதற்கான வாசகம் 2009ஆம் ஆண்டின் 354ஆம் எண் அரசாணையிலேயே இருக்கிறது. மருத்துவர்கள் புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை, எழுதிக் கொடுத்ததைச் செய்யுங்கள் என்றுதான் கேட்டார்கள். ‘354’ என்ற எண் அரசு மருத்துவர்களிடையே விளக்கம் தேவைப்படாத சொல்லாகிவிட்டது.

பணிக்குத் திரும்பாதவர்களின் இடங்கள் காலியானவையாக அறிவிக்கப்படும் என்று அரசு எச்சரித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தொலைவூர்களுக்கு மாற்றப்பட்டார்கள், குற்றக் குறிப்பாணைகள் போயின. நவம்பர் 1 அன்று வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. மாறுதல் ஆணைகளையும் குறிப்பாணைகளையும் 2020 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த மாதமே கொரோனா வந்தது. அன்று அரசு யாரை நம்பி நின்றது என்பதைத் தமிழ்நாடு முழுதும் பார்த்தது.

இதில் நிர்வாகம் செய்த தவறு கோரிக்கையை ஏற்காதது அல்ல, நிதிநிலை எப்போதும் ஒரு காரணம்தான். பணியிட மாறுதலைத் தண்டனையாகக் கையாண்டதுதான் தவறு. கலந்தாய்வு முறையால் ஊர் என்பது உரிமையாகவும் தேர்வாகவும் மாறியிருந்தது. ஒரே வாரத்தில் அது மறுபடியும் அதிகாரியின் கையில் உள்ள ஆயுதமாகத் தெரிந்தது.

செவிலியர்: எழுதப்படாத உறுதி

2015இல் தேர்வு வாரியம் செவிலியர் பணிக்கு அறிவிப்பு வெளியிட்டது. 7,000க்கும் மேற்பட்ட இடங்கள். தகுதித் தேர்வு, தரவரிசை, இட ஒதுக்கீடு, எல்லாம் முறைப்படி நடந்தன. சேர்ந்தவர்களுக்குக் கிடைத்ததோ மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு காலமுறை ஊதியத்துக்கு, அதாவது நிரந்தரப் பணியாளருக்கான ஊதியத்துக்கு மாற்றப்படுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அது காலிப்பணியிடம் உருவாவதைப் பொறுத்தது.

இந்த நிபந்தனையில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. காலிப்பணியிடம் உருவாக வேண்டுமென்றால் மூத்தவர் ஓய்வு பெற வேண்டும், அல்லது அரசு புதிய நிரந்தர இடத்தை அனுமதிக்க வேண்டும். இரண்டும் செவிலியரின் கையில் இல்லை. ஒரே வார்டில், ஒரே இரவுப் பணியில், ஒரே ஊசியைப் போடும் இரண்டு செவிலியர்களில் ஒருவர் மற்றவரைவிடப் பல மடங்கு ஊதியம் வாங்குகிறார். இரண்டாண்டு கடந்ததும், 2017 நவம்பர் இறுதியில், ஆயிரக்கணக்கான செவிலியர்கள் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். தொகுப்பூதியம் பின்னர் 14,000 ஆகவும் 18,000 ஆகவும் உயர்ந்தது. அணி அணியாகச் சிலர் நிரந்தரமாக்கப்பட்டார்கள். எஞ்சியவர்கள் இன்னும் வரிசையில் இருக்கிறார்கள்.

கொரோனா காலத்தில் வாரியத் தேர்வில் தேறியவர்களிலிருந்து மேலும் செவிலியர்கள் அவசரமாக எடுக்கப்பட்டார்கள். பாதுகாப்பு உடைக்குள் மணிக்கணக்கில் நின்றவர்களில் 2,300க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொள்ளப்பட்டது. மாற்றுப் பணி தருகிறோம் என்று அரசு சொன்னது. அவர்கள் கேட்டது தங்கள் பணியின் தொடர்ச்சியை. ஒரு பேரிடரில் ஆளை எப்படி எடுக்கிறோம் என்பதோடு, பேரிடர் முடிந்தபின் அவரை என்ன செய்யப்போகிறோம் என்பதையும் பணியாணையிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

மகப்பேறு விடுப்பு எனக்கு மிகவும் மனம் வருந்தச் செய்யும் பகுதி. தமிழ்நாட்டில் நிரந்தரப் பெண் அரசு ஊழியருக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு. நாட்டிலேயே தாராளமான விதிகளில் ஒன்று. பிறருடைய பிரசவத்தைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒப்பந்தச் செவிலியர், தன் பிரசவத்துக்கு ஊதிய விடுப்புக் கேட்டு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஒப்பந்தச் செவிலியருக்கும் மகப்பேறு பலன் உண்டு என்று 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. இதற்கு ஒரு சுற்றறிக்கை போதுமானதாக இருந்திருக்கும்.

பணியிடத்தில் துணை

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், புறநோயாளிப் பிரிவில் இருந்த புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008 முதலே சட்டம் உண்டு, குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் பத்து ஆண்டுகள் சிறைத் தண்டனையும் உண்டு. சட்டம் குறைவாக இல்லை. நுழைவாயிலில் காவலர், உறவினர்களுக்கு அனுமதிச் சீட்டு, இரவுப் பணி செய்யும் பெண்களுக்குப் பூட்டக்கூடிய ஓய்வறை, நோயின் நிலையைக் குடும்பத்துக்கு விளக்கிச் சொல்ல நேரம், இவையே குறைவாக இருக்கின்றன.

கடைசியாகச் சொன்ன நேரம் என்பது ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பணியிடங்கள் நெடுங்காலமாக மாணவர் இடங்களின் அளவை வைத்து, முன்பு மருத்துவ மன்றமும் இப்போது அதன் இடத்தில் வந்த தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கில் உருவாக்கப்படுகின்றன. வாசலில் வரிசையில் நிற்கும் நோயாளிகள் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டு மொத்தம் 36 ஆனது. மாணவர்களுக்கு இது பெரும் வரம். ஆனால் பழைய கல்லூரிகளிலிருந்தும் மாவட்ட மருத்துவமனைகளிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே மாற்றப்பட்டார்கள். ஆய்வுக் குழு வரும் நாள்களில் ஒரு கல்லூரி மருத்துவரை மாற்றுப்பணியில் இன்னொரு கல்லூரிக்கு அனுப்பும் வழக்கத்தைப் பற்றி மருத்துவர் சங்கங்கள் தொடர்ந்து முறையிடுகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனை கல்லூரி மருத்துவமனையாக மாறும்போது அது வேறு இயக்ககத்துக்குப் போய்விடும், வட்ட மருத்துவமனை ஒன்று தலைமை மருத்துவமனையாகப் பெயர் மாறும். பெயர்ப்பலகை மாறும் வேகத்தில் பணியிடங்கள் வருவதில்லை.

வேறு துறைகள் இதில் எதை எடுத்துக்கொள்ளலாம்

ஒதுக்கீட்டை அப்படியே நகல் எடுக்க முடியாது. எல்லாத் துறையிலும் முதுநிலை மருத்துவ இடம் போன்ற ஒரு பரிசு இல்லை. ஆனால் ஒவ்வொரு துறையிலும் ஊழியர் உள்ளூர ஏங்கும் ஒன்று இருக்கும். கிராம நிர்வாக அலுவலருக்கு அது வட்டாட்சியர் ஆகும் வாய்ப்பாக இருக்கலாம், பொறியாளருக்கு உயர்கல்வியாக இருக்கலாம், ஆசிரியருக்குச் சொந்த மாவட்டமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்து, கடினமான இடத்தில் செய்யும் பணியோடு முடிச்சுப் போட்டு, யாருடைய தயவும் தேவைப்படாத விதியாக்குவதுதான் தமிழ்நாட்டு மருத்துவத் துறை செய்தது. ஊதியம் இரண்டாவதாகத்தான் வருகிறது என்றாலும் அதை நிரந்தரமாகத் தள்ளிப்போட முடியாது என்பதை 2019 காட்டியது.

தற்காலிக நியமனத்தில் மிச்சமாகும் பணம் பற்றி நிதித்துறைகள் நினைப்பதும் இங்கே சரிபார்க்கத் தக்கது. மாதம் 7,700 ரூபாய்க்குச் செவிலியரை வைத்து மிச்சப்படுத்தியதைப் போராட்டம், வழக்கு, பயிற்சி பெற்றபின் வெளியேறியவர்கள், மீண்டும் அறிவிப்பு, மீண்டும் தேர்வு என்று பல வழிகளில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் வெவ்வேறு கணக்குத் தலைப்புகளில் பதிவாவதால் மிச்சம் மட்டும் கண்ணில் படுகிறது.

இப்போது ஒரு புதிய அணி வாசலில் நிற்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. அதில் முதலில் சேர்ந்தவர்கள் படிப்பையும் பயிற்சியையும் முடிக்கும் பருவம் இது. அவர்களில் பலர் அந்தச் சிறு ஊர்களிலேயே பிறந்தவர்கள், அந்த நிலையங்களிலேயே தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். ஊரகப் பின்னணி உடைய மருத்துவர் ஊரகத்தில் தங்கும் வாய்ப்பு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. அவர்களுக்குத் தேர்வு முடிந்த இரண்டு மாதங்களில் பணியாணை கிடைக்குமா, கலந்தாய்வில் தங்கள் வட்டாரத்தின் காலியிடங்கள் முழுதாகக் காட்டப்படுமா, இரண்டாண்டு முடிவில் மேற்படிப்பு வழி திறந்தே இருக்குமா, 354ஆம் அரசாணையின் வாசகம் அவர்கள் காலத்திலாவது நிறைவேறுமா என்பதை அடுத்த ஓரிரு தேர்வுச் சுற்றுகளில் வாரியமும் சுகாதாரத் துறையும் நிதித்துறையும் தீர்மானிக்கப்போகின்றன.